விட்டவன் எதுக்குல விட்டான்?

ஏல ராசா, கொஞ்சம் மூச்சு விடு. மார்ச் மாசம் வந்துட்டாப் போதும், உனக்குப் பித்தம் தலைக்கேறிருது. அமெரிக்காவுல எவனோ ஒரு ஃபுட்பால் டீம்காரன், பத்து வருசம் பந்து பிடிச்ச பெரிய கையை ‘போயிட்டு வாப்பா’ன்னு அனுப்பி வைக்கான். உடனே நீ போனைத் தூக்கிக்கிட்டுக் குதிக்க. “தாத்தா, நம்ம டாலஸ் கௌபாய்ஸ் இவரை எடுத்தே ஆகணும்!” நம்ம கௌபாய்ஸாம்! ஃபிரிஸ்கோவுக்குக் குடி போன புதுசுல வீட்டுச் சாமான் கட்டைப் பிரிச்சு முடிக்கல, அதுக்குள்ள ‘நம்ம’ ஆயிட்டான். சரி, இருந்துட்டுப் போகட்டும். அவிய பயிற்சி மைதானமும் அந்த ஊர்லதான இருக்கு. ஊர்த் தண்ணி ஒட்டுனா பாசமும் ஒட்டத்தான் செய்யும்.

என்னைக் கேட்டியா? கேக்கல. கேக்காட்டாலும் சொல்லுதேன். கிழவனுக்கு வேற என்ன சோலி?

உன் வீட்டு சோபாவுல உக்காந்து நானும் ஞாயித்துக்கிழமை தவறாமப் பாத்தவன்தான். ஆட்டம் என்ன ஆட்டம்? நாலு வாய்ப்புல பத்து கெசம் முன்னேறணும். எறியதுக்கு ஒருத்தன், அவன் குவார்ட்டர்பேக். ஓரத்துல ஓடிப் போய்ப் பிடிக்கவன் வைட் ரிசீவர். இதுல சூட்சுமம் எங்க இருக்குன்னா, பிடிக்கவன் திரும்பிப் பாக்கதுக்கு முன்னாடியே எறியவன் எறிஞ்சிருதான். ஆளே இல்லாத எடத்துக்குப் பந்து போகுது. பந்து வந்து சேருத நேரம் ஆளும் அங்கன வந்து நிக்கணும். அரை அடி தள்ளி நின்னா எதிராளி அமுக்கிருவான். முதுகுல என்ன பேரு எழுதியிருக்குன்னு பந்து படிச்சுப் பாத்துக்கிட்டா வருது?

“ஆனை படுத்தாலும் குதிரை மட்டம்”னு நீ எனக்கே பழமொழி சொல்லுவ. சொல்லு. படுத்த ஆனை எந்திரிக்குமான்னு எவனாவது தட்டிப் பாத்தானா? எந்திரிக்காட்டாலும் அதுக்குத் தீனி போடணும்லா?

2022 டிசம்பர் கூத்து ஓர்மை இருக்கா? ஓடெல் பெக்கம்னு ஒருத்தரு. 2014 நவம்பர்ல நியூயார்க் ஜயன்ட்ஸுக்கு ஆடும்போது, மல்லாக்க விழுந்துக்கிட்டே ஒத்தக் கையால ஒரு பந்தைப் பிடிச்சாரு. நானும் பாத்தேன், கண்ணு பட்டுரும், அப்படி ஒரு பிடி. அது யாருக்கு எதிரா தெரியுமா? உன் கௌபாய்ஸுக்கு எதிராத்தான். அந்த ஆட்டத்துல ஜெயிச்சது யாருன்னு சொல்லு பாப்பம். முழிக்கியே! கௌபாய்ஸ்தான்ல ஜெயிச்சான், 31-28. பிடியை ஒலகமே ஓர்மை வச்சிருக்கு, ஆட்டத்தை ஒருத்தனும் வச்சுக்கல. உங்க வியாதியே அதுதான்.

அந்தப் பெக்கம், 2022 பிப்ரவரியில, லீக்கோட கடைசி ஆட்டமான சூப்பர் பவுல்ல ராம்ஸ் டீமுக்கு ஆடினாரு. மொத டச் டவுன், அதான் கடைசிக் கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டு சேக்கது, அவருதுதான். ரெண்டாவது கால்பகுதியிலயே முழங்கால் தசைநார் அத்துப் போச்சு. பத்து மாசம் கழிச்சு டிசம்பர்ல, முப்பது வயசுல, எந்த டீமும் இல்லாம இருந்த மனுசனை ஊர் ஊராக் கூப்பிட்டான். நியூயார்க்குல விருந்து, பஃபலோவுல விருந்து, அப்புறம் டாலஸ். டாலஸ்காரன் விடுவானா? கூடைப்பந்து ஆட்டம் பாக்கக் கூட்டிப் போனான். கௌபாய்ஸ் பயலுவ ரெண்டு பக்கமும் உக்காந்து சிரிச்சதை டிவியில நீயும் நானும் பாத்தோம். போற வாரவன் எல்லாம் ‘எப்ப சேருதாரு, எப்ப சேருதாரு’ன்னு ஒரே பேச்சு. இவ்வளவும் பண்ணினானுவளே, ‘ஐயா, கொஞ்சம் ஓடிக் காட்டுங்க’ன்னு மைதானத்துல எறக்கினானா? அது மட்டும் நடக்கல. முழங்கால் எப்படி இருக்குன்னு பாக்க வந்தவன் சாப்பாட்டு இலையை மட்டும் பாத்துட்டு அனுப்பி வச்சான்.

அந்தக் கூத்து அடங்கி ஒரு வாரத்துல, டிசம்பர் 12, டி.ஒய். ஹில்டன்னு ஒருத்தரை கௌபாய்ஸ் எடுத்தான். 33 வயசு. பத்து சீசன் இண்டியானாபோலிஸ்ல ஆடினவரு. மார்ச்சுல ஒப்பந்தம் முடிஞ்சு, அந்த வருசம் பூரா வீட்டுல இருந்தவரு. மேளம் இல்ல, மாலை இல்ல. நீ என்ன சொன்ன அப்ப? “போயும் போயும் இந்த ஆளா தாத்தா?”ன்னு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்ட.

கிறிஸ்துமசுக்கு மொத நாள், எதிர்ல ஃபிலடெல்பியா. நாலாவது கால்பகுதி. ஏழு புள்ளி பின்னால நிக்கான் உன் ஆளு. மூணாவது வாய்ப்பு, போக வேண்டியது முப்பது கெசம். முப்பதுல! பத்துக்கே நாக்குத் தள்ளுத ஆட்டத்துல முப்பது. நீ எந்திரிச்சு அடுக்களைக்குப் போயிட்ட, பாக்க சகிக்கலன்னு. டாக் பிரெஸ்காட் எறிஞ்சான். 52 கெசம் தள்ளி அந்த ‘போயும் போயும்’ ஆளு பிடிச்சாரு. அதே ஓட்டத்துல டச் டவுன் அடிச்சுச் சமன் பண்ணி, கடைசியில 40-34. ஹில்டன் அன்னைக்குப் பிடிச்சது அந்த ஒரே ஒரு பந்து. போதும்லா?

ஏன் பிடிச்சாருன்னு யோசி. கால் வேகம் குறைஞ்சுதான் இருக்கும். ஆனா, எதிராளி எப்பத் திரும்புவான், எங்கன இடைவெளி விழும்னு பத்து வருசம் பாத்த கண்ணு. கௌபாய்ஸ் அவருகிட்ட ஆட்டத்துக்கு எண்பது தடவை ஓடச் சொல்லல. எடுத்தது ஒரு சோலிக்கு, அந்தச் சோலி நடந்துச்சு.

அந்தப் பக்கம் பெக்கம் என்ன ஆனாரு? மறு வருசம் பால்டிமோர் ரேவன்ஸ்காரன் எடுத்தான். ஒரே வருசத்துக்கு உறுதிச் சம்பளம் ஒண்ணரைக் கோடி டாலர். லீக் ஆட்டங்கள்ல அவரு பிடிச்சு ஓடினது 565 கெசம். வகுத்துப் பாரு. உனக்கு வாய்ப்பாடு தெரியாது, நானே சொல்லுதேன். கெசம் ஒண்ணு ஏறக்குறைய 26,500 டாலர். நம்ம பஸ் ஸ்டாண்டு பக்கத்து மனையே இந்த வெலைக்குப் போகாதுல! அவிய குவார்ட்டர்பேக் லாமர் ஜாக்சன் அப்ப சம்பளச் சண்டையில மொறைச்சுக்கிட்டு நின்னான், அவன் மனசு குளிரத்தான் இந்தத் துட்டுன்னு ஊர்ல ஒரு பேச்சு. அந்த மாசமே அவனும் ஒப்பந்தத்துக்கு ஒத்துக்கிட்டான். அப்படின்னா அது பந்து பிடிக்கக் குடுத்த துட்டு இல்ல, வேற கணக்கு. அந்தக் கணக்குல வேணா லாபம்னு சொல்லிக்கோ.

உடனே ‘ராம்ஸ் எடுத்தானே தாத்தா, கோப்பை ஜெயிச்சானே’ன்னு வாயைத் திறக்கப் போற. தெரியும். 2021 நவம்பர்ல கிளீவ்லாண்டுக்காரன் இவரை விட்டான். எம் மவனுக்குப் பந்தே எறிய மாட்டேங்கான்னு காட்டி அப்பாக்காரரு ஒரு வீடியோ போட்டாரு, அதுல போச்சு அந்த வேலை. தகப்பன் பாசம், நான் குத்தம் சொல்ல மாட்டேன். உங்க அப்பனும் உன் மார்க் சீட்டைத் தூக்கிக்கிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனவன்தான். ராம்ஸ் இவரை எடுத்த மறுநாளே, பயிற்சியில அவங்களோட ரிசீவர் ராபர்ட் உட்ஸுக்கு முழங்கால் போச்சு. உபரியா வந்த ஆளு ஒரே ராத்திரியில அவசியமான ஆளா ஆயிட்டாரு. எறியதுக்கு மேத்யூ ஸ்டாஃபோர்ட் இருந்தான். எதிராளி கூட்டம் பூரா ராம்ஸோட இன்னொரு ரிசீவர் கூப்பர் கப்பைக் காவல் காக்கப் போயிரும், இந்தப் பக்கம் இவரு ஒத்தை ஆளோட நிப்பாரு. புத்தி பாதி, யோகம் பாதி. யோகத்தை நீ எந்தக் கடையில வாங்குவ?

சரி, விசயத்துக்கு வாரேன். பெரிய ஆளை விட்டுட்டான்னு கேட்டதும் நீ கேக்க வேண்டிய மொதக் கேள்வி, எதுக்கு விட்டான்? துட்டுக்கா, காலுக்கா, வாய்க்கா?

துட்டுக்குன்னா பயப்படாத. அந்த லீக்குல ஒரு டீம் இவ்வளவுதான் சம்பளம் குடுக்கலாம்னு உச்சவரம்பு இருக்கு. 2025-ல 27.92 கோடி டாலர். அதுக்குள்ள 53 பேரையும் அடைக்கணும். அதனால நல்லா ஓடுத ஆளுக்கும் சீட்டுக் கிழியும். இதுல ஒரு வேடிக்கை, ஆளை விட்ட பொறவும் ஏற்கெனவே குடுத்த முன்பணம் கணக்குல தொங்கிக்கிட்டே கெடக்கும். டெட் மணிங்கான். 2023-ல அரிசோனாக்காரன் டிஆண்ட்ரே ஹாப்கின்ஸை விட்டான். ஆளு இல்ல, சட்டை இல்ல, ஆனா அந்த வருசக் கணக்குல அவரு பேருல 2 கோடி டாலருக்கு மேல நின்னுச்சு. இல்லாத ஆளுக்குக் கணக்கு எழுதுத ஊரு அது.

ஹாப்கின்ஸை டென்னசி டைட்டன்ஸ் எடுத்தான். ரெண்டு வருசத்துக்கு 2.6 கோடி டாலர்னு பேச்சு. மனுசன் வஞ்சகம் பண்ணல, 75 பந்து, 1,057 கெசம், ஏழு டச் டவுன். 31 வயசுல இதுக்கு மேல என்ன செய்யச் சொல்லுத? ஆனா டீம் 17 ஆட்டத்துல ஆறுதான் ஜெயிச்சுது. பயிற்சியாளர் வேலை போச்சு. மறு வருசம் அக்டோபர்ல அவரை கான்சஸ் சிட்டிக்கு மாத்தி விட்டுட்டான். ஆளு நல்ல ஆளு, வெலையும் மோசமில்ல. வீட்டுக்கே கூரை இல்லாதவன் எதுக்குல வாசக்கதவை மாத்தினான்?

ஸ்டீவ் ஸ்மித் கதை வேற. அஞ்சடி ஒம்பது அங்குலம், கோவம் மட்டும் ஏழடி. கரோலைனா பாந்தர்ஸுக்குப் பதிமூணு வருசம் ஒழைச்சவரை 2014 மார்ச்சுல வெளிய அனுப்பினான். வயசு 35-ஐத் தொடுது. பால்டிமோர் கூப்பிட்டு மூணு வருசத்துக்கு எடுத்தான். செப்டம்பர் 28-ந் தேதி அதே பாந்தர்ஸ் பால்டிமோருக்கு வந்து சேர்ந்தான். விடுவாரா? ஏழு பந்து, 139 கெசம், ரெண்டு டச் டவுன். ஆட்டம் 38-10. அந்த வருசம் மொத்தம் 1,065 கெசம். இதைத்தான நீ ஆயிரம் தடவை எனக்குச் சொல்லிக் காட்டுவ?

மீதியையும் கேளு. விட்டவன் கெட்டா போனான்? அதே வருசம் கெல்வின் பெஞ்சமின்னு ஒரு புதுப் பையனை எடுத்து, அவனும் ஆயிரம் கெசம் தாண்டினான். மறு வருசம் பாந்தர்ஸ் 16 ஆட்டத்துல 15 ஜெயிச்சு சூப்பர் பவுல் வரைக்கும் போனான். அந்த மறு வருசத்துலதான் ஸ்மித்துக்குக் குதிகால் நரம்பு அத்துது. 37 வயசுல திரும்பி வந்து 799 கெசம் ஓடிட்டுத்தான் போனாரு, அது அவரு வைராக்கியம். ஆக விட்டவனும் முட்டாள் இல்ல, எடுத்தவனும் முட்டாள் இல்ல. ஒருத்தன் முட்டாளா இருந்தாத்தான் உங்களுக்குப் பேச்சே ஓடுது.

காலுக்குன்னு விட்டா அது கஷ்டம். அதுலயும் ஒரு மனுசன் எல்லாருக்கும் பெப்பே காட்டிட்டுப் போனாரு. ஜெர்ரி ரைஸ். மிசிசிப்பியில கிராஃபோர்டுன்னு சின்ன ஊரு. அப்பா கொத்தனாரு. கோடை லீவுல அப்பாவுக்குக் கையாளு வேலை. அண்ணன் தம்பிமாரு கீழ இருந்து செங்கலைத் தூக்கிப் போடுவானுவ, இவரு மேல நின்னு பிடிப்பாரு. செங்கல் பிடிச்ச கைக்குப் பந்து எம்மாத்திரம்? நீ ஜிம்முக்கு மாசம் எவ்வளவு கட்டுத? சரி விடு, எனக்கெதுக்கு.

சான் ஃபிரான்சிஸ்கோவுல 16 சீசன், மூணு சூப்பர் பவுல். 2001-ல 38 வயசுல விட்டுட்டான். பாலத்துக்கு அந்தப் பக்கம் ஓக்லாண்ட் ரெய்டர்ஸ் எடுத்தான். ‘கிழவன், அவ்வளவுதான்’னு ஊர் சிரிச்சுது. அந்த வருசம் 1,139 கெசம். மறு வருசம், சீசன் நடுவுல நாப்பது வயசு முடியுது, 92 பந்து, 1,211 கெசம், ஏழு டச் டவுன். கூடவே டிம் பிரௌன்னு 36 வயசுல இன்னொருத்தரு. எறிஞ்ச ரிச் கேனனும் வாலிபன் இல்ல, அவனுக்கும் 36. மூணு பேரும் சேந்து சூப்பர் பவுலுக்கே கூட்டிப் போயிட்டானுவ. அங்கன 48-21-ன்னு வாங்கிக் கட்டிக்கிட்டது வேற கதை.

இப்ப நீ ‘பாத்தியா தாத்தா’ன்னு துள்ளாத. ரைஸ் மாதிரி வருசம் பூரா, ஆட்டம் இல்லாத மாசத்துலயும், குன்று மேல ஓடிப் பழகினவன் எத்தனை பேரு? ஒருத்தரைக் காட்டி நாப்பது வயசுக்காரனை எல்லாம் எடுக்கச் சொன்னா எப்படி? அவருக்குமே ஒரு நாள் வந்துச்சுல்லா. 2005-ல டென்வர் டீமுக்குப் பயிற்சிக்குப் போனாரு. நாலாவது அஞ்சாவது ஆளாத்தான் எடம்னு தெரிஞ்சுது. சீசன் தொடங்கதுக்கு முன்னாடியே ‘போதும்’னுட்டு எந்திரிச்சு வந்துட்டாரு. 1,549 பந்து பிடிச்ச மனுசனுக்கு எப்ப எந்திரிக்கணும்னும் தெரிஞ்சிருக்கு. ரசிகனுக்குத்தான் தெரிய மாட்டேங்கு.

வாய்க்கு விட்டான்னா, அது விதி. ராண்டி மாஸ் 2007-ல நியூ இங்கிலாண்டுக்கு வந்து 23 டச் டவுன் பிடிச்சாரு, ஒரு சீசன்ல அதுக்கு மேல இன்னைக்கு வரைக்கும் எவனும் பிடிக்கல. அந்த டீம் அவரை வாங்கினது, புதுப் பையன்களை எடுக்குத நாலாவது சுற்றுத் தேர்வு ஒண்ணைக் குடுத்து. கொள்ளை மலிவு. மூணு வருசம் கழிச்சு மினசோட்டா அதைவிட ஒசந்த மூணாவது சுற்றைக் குடுத்து வாங்கினான். நாலே ஆட்டம். டீமுக்கு வந்த சாப்பாட்டை, கொண்டு வந்தவுக முன்னாடியே ‘இது என்ன சோறு’ங்குத கணக்கா ஏசிட்டாருன்னு பெரிய ரகளை. அந்த வாரமே வெளிய. அப்புறம் டென்னசியில எட்டு ஆட்டம், ஆறு பந்து. சோறு நல்லாயில்லன்னா சொல்லத்தான் வேணும். ஆக்கினவன் மொகத்துக்கு நேராவா? அன்டோனியோ பிரௌனைப் பத்தி நான் பேசவே மாட்டேன். ஆட்டம் நடக்கும்போதே சட்டையைக் கழட்டி வீசிட்டு மைதானத்தைத் தாண்டிப் போனவரு. அதுக்கு மொத வருசம் அதே டீமுக்குச் சூப்பர் பவுல்ல டச் டவுன் அடிச்சவரும் அவருதான்.

சாப்பாடுன்னதும் ஓர்மை வருது. நம்ம பக்கம் கல்யாணத்துக்கு வயசான தவசுப்பிள்ளை ஒருத்தரைக் கூட்டியாருவோம்லா? உப்பு அவரு கைக்குத் தெரியும். பாயசம் எப்ப எறக்கணும்னு மூக்கு சொல்லும். ஆனா அண்டாவைத் தூக்க மாட்டாரு, காய் நறுக்க மாட்டாரு. ஆக்கதுக்கு மட்டும் ஆள் வேணும்னா அவரை விட்டா கெதியில்ல. அடுப்படியில மூணு பேருதான்னா, அந்த மூணுல அவரு ஒருத்தரா இருந்தா, காய் யாரு நறுக்கது?

அங்கயும் அதே பாடுதான். ஒரு டீம்ல ரிசீவர்னு அஞ்சாறு பேருக்குத்தான் எடம். மொத ரெண்டு மூணு பேரு பந்து பிடிக்கான். மத்தவனுவ உதைக்கிற பந்துக்குப் பின்னால ஓடி, அதை எடுத்துக்கிட்டு வாரவனை மோதிச் சாய்க்கணும். அதுக்குத்தான் அவனுவளை வச்சிருக்கது. 33 வயசுல, அலமாரியில கோப்பை அடுக்கி வச்சிருக்க பெரிய மனுசன் அதுக்கு எறங்குவாரா? எறங்கினாலும் நீ எறக்குவியா, அந்த முழங்காலோட?

கெட்டிக்கார மேனேஜருக்கு இதெல்லாம் தெரியும். அவன் மார்ச்சுல குதிக்க மாட்டான். மொத வாரத்துப் பட்டியல்ல பழைய ஆளு பேரு இருந்தா, அந்த வருசச் சம்பளம் பூராவும் குடுத்தாகணும்ங்குத மாதிரி ஒரு விதி இருக்கு. அதனால மொத ஆட்டம் முடியட்டும்னு காத்துக் கெடந்து, அதுக்குப் பொறவு போன் போடுதான். ஏழு வருசத்துக்கு மேல ஆடினவனுக்கு 2025-ல அடிமட்டச் சம்பளம் 12,55,000 டாலர். ஒரு வருசத்துக்குன்னு எடுத்தா, உச்சவரம்புக் கணக்குல ரெண்டு வருச அனுபவக்காரன் சம்பளம்தான் ஏறும், மிச்சம் ஏறாது. பெரிய ஆளுக்கு அந்த ஊர்ல தள்ளுபடி உண்டுல. நம்ம ஊர்ல ரயிலுக்கு இருந்ததையே எடுத்துட்டானுவ.

நான் எடுக்காதன்னு சொல்லவே இல்ல. எறிய ஒழுங்கான ஆளு இருக்கா, இன்னொரு பக்கம் எதிராளியை இழுத்துப் பிடிக்க ஒருத்தன் இருக்கானா, மூணாவது வாய்ப்புக்கு நிக்க மட்டும் ஒரு கை குறையுதா, எடு. ஓடிக் காட்டச் சொல்லிட்டு எடு. சம்பளத்துல பாதியைப் பிடிச்ச பந்துக்குத் தக்கன பேசி எடு. குறையுத எடம் எதுன்னே தெரியாம, பேரு பெரிசுன்னு எடுத்தா, சட்டை விக்கவனுக்கு மட்டும் லாபம். நீயும் ஒண்ணு வாங்கித்தான இருக்க, வெலையை எங்கிட்டச் சொல்லாத, ரத்தம் கொதிக்கும்.

இப்ப அந்தப் பட்டியலை எடு. போன்ல இருக்கும்லா, 53 பேரு பட்டியல். மேல நீ எடுக்கச் சொல்லுத அந்தப் பெரிய ஆளு பேரை எழுது. எழுதிட்டியா? இப்ப 54 ஆச்சு. ஒண்ணை அடிக்கணும். ஏழாவது சுற்றுல வந்து, ஒவ்வொரு உதைக்கும் உசிரைக் குடுத்து ஓடுதானே அந்தப் பயலையா? ரெண்டாவது குவார்ட்டர்பேக்கையா? மொத ஆளுக்குத் தோள் போச்சுன்னா யாரு எறியது, நீயா? சொல்லுல. குதிக்கும்போது வந்த வாயி இப்ப எங்க போச்சு? யாரை அடிக்கப் போற?